மாப்பிள்ளைக்கு நான் செஞ்ச வாட்ச்

தம்பி, தப்பா நெனைச்சுக்காதீங்க, உங்க கையில கட்டியிருக்கறது எந்தக் கம்பெனி வாட்சுங்க? ஓ, கடையில வாங்கினதுங்களா. சரி சரி. தப்பில்லீங்க, எல்லாருமே செஞ்சு கட்டிக்கறதுன்னா முடியுங்களா?

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். நானு வாட்ச் செஞ்சிருக்கறேன். இந்தக் கையிலதான். வெரலைப் பாருங்க, ஒவ்வொண்ணும் மொந்தம்பழமாட்ட இருக்குது. இந்த வெரலை வெச்சுட்டுத்தான், கண்ணுக்கே தெரியாத முள்ளைச் சாமணத்துல புடிச்சு மாட்டினேன். நீங்களும் பெங்களூருதானுங்களே? அப்பச் சரி. பஸ்ஸு இன்னும் தருமபுரியே தாண்டலை, நிதானமாவே சொல்றேன்.

என்ற பேரு தெய்வசிகாமணி. கோயமுத்தூருல, கணபதியில, நமக்கு மோட்டார் கம்பெனி. கம்பெனின்னதும் பெருசா நெனைச்சுக்காதீங்க. ரெண்டு லேத்து, ஒரு வைண்டிங் மெசினு, செஞ்ச மோட்டாரை எறக்கிப் பாக்கறதுக்கு ஒரு தண்ணித்தொட்டி. போர்வெல்லுக்குள்ள எறக்கற மோட்டாருங்க. கல்யாணம் ஆன காலத்துல இருந்து அதுதான் பொழப்பு.

போன வருசம் எம் பொண்ணு தர்சினிக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. மாப்பிள்ளை பேரு கோகுல்நாத். பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை. தங்கமான பையன், பேசறதே காதுல உழுகாது. எங்க பக்கம் பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளைக்கு மோதிரம், செயினு, வாட்ச் போடோணும். உறுதி வார்த்தையன்னிக்கு, நிச்சயதார்த்தமாட்ட, எல்லாரும் உக்காந்து பேசறோம். மோதிரம், செயினு பேச்சு முடிஞ்சுது. வாட்ச்னு வந்ததும் என்ற மச்சினன் எந்திரிச்சான். சம்சாரத்தோட தம்பி, நடராசு. திருப்பூருல பனியன் கம்பெனி. அடிக்கொருக்கா வெளிநாடு போவான். போயிட்டு வந்தான்னா சும்மா வரமாட்டான். எங்கூட்டுல என்னென்ன இல்லைங்கறதைக் கண்டுபுடிச்சு வாங்கிட்டு வருவான்.

"மச்சான், வாட்ச் கவலைய உடுங்க. சுவிஸ்ல இருந்து நானே கொண்டாந்துடறேன்"ங்கறான். அத்தனை பேரு முன்னாடி.

எனக்கு எப்படியிருக்கும், நீங்களே சொல்லுங்க. எங்கூட்டு வாசிங் மெசினு அவன் குடுத்தது. டிவி அவன் குடுத்தது. நான் உக்காந்துட்டிருந்த சோபாவே அவன் குடுத்ததுதான். அந்தச் சோபாவுல இருந்து எந்திரிச்சு நின்னு, "வேண்டாம் நடராசு. எம்மாப்பிள்ளைக்கு வாட்ச் நானே செஞ்சு போடறேன்"னு சொல்லிப்போட்டேன்.

வாயில இருந்து வந்ததுக்கப்பறம்தான் எனக்கே தெரியும், நான் என்ன சொன்னேன்னு. சம்சாரம் சாவித்திரி காப்பித் தட்டோட அப்படியே நின்னுட்டா. மாப்பிள்ளையோட அப்பாரு என்னைப் பாக்கறாரு, கூரையப் பாக்கறாரு. நடராசு மட்டும் சிரிச்சான். "செய்யுங்க மச்சான், தாராளமாச் செய்யுங்க. எதுக்கும் சுவிஸ் வாட்ச் ஒண்ணு என்ற பையில இருக்கட்டும். உங்குளுது ஓடலீன்னா எடுத்துக் கட்டிக்கலாம்"னான்.

ஓடலீன்னாவா? மோட்டாருக்காரனப் பாத்துக் கேக்கற கேள்விங்களா இது? அன்னிக்கு மனசுல முடிவு பண்ணினேன். கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை கையில என்ற வாட்ச் ஓடியாகோணும். நடராசு பைக்குள்ள இருக்கறது பைக்குள்ளயே இருக்கோணும். அது வெளிய வந்துதுன்னா, அப்பறம் நான் சபையில தலை நிமுந்து நடக்க முடியாது.

நடராசுவ வுடுங்க. உள்ளதைச் சொல்றேன். நான் செஞ்ச மோட்டாரு எல்லாம் எங்க இருக்குது? கெணத்துக்குள்ள. போர்க்குழிக்குள்ள. ஒருத்தன் கண்ணுலயும் படாது. எவனாச்சும் வெளிய எடுத்துப் பாக்கறான்னா அது ரிப்பேருன்னு அர்த்தம். இத்தனை வருசத்துல நான் செஞ்ச ஒரு சாமானத்தை ஒரு மனுசன் மேல போட்டுட்டு நாலு பேரு பாக்க நடந்ததில்லீங்க. எம்மாப்பிள்ளை கையில ஒண்ணு இருக்கட்டும்னு ஆசையா இருந்துச்சு. ரொம்ப ஆசையா இருந்துச்சு.

செல்போன்ல பாத்துத்தான் கத்துக்கிட்டேன். ஒரு வெள்ளக்காரன், வெரலுக்கு உறை போட்டுட்டு, கண்ணுல லென்ஸை மாட்டிட்டு, மூச்சு உடாமச் செய்யறான். மெசினு, டயலு, முள்ளு, கூடு, கண்ணாடி எல்லாத்தையும் தனித்தனியா ஆன்லைன்ல விக்கறாங்க தம்பி. நாம வாங்கிப் பூட்டோணும். மெசினு மட்டும் உள்ள சக்கரத்தோட ரெடிமேடா வரும். அதுல என்ன தப்புங்கறேன்? நாங்க மோட்டாரு செய்யறோம், பேரிங்கை நாங்களேவா செய்யறோம்? வாங்கித்தான் போடறோம். ஆட்டோமேட்டிக் மெசினு. பேட்டரி கெடையாது. கைய ஆட்டினாத் தானாச் சாவி ஏறிக்கும்.

டயலு மட்டும் நம்ம பேர்ல இருக்கோணும்னு, மோட்டாருக்குப் பேர்ப்பட்டை அடிச்சுத் தர்றவருகிட்டயே குடுத்தேன். மேல கம்பெனி பேரு, கீழ போன் நம்பரு. பிரமாதமா அடிச்சுக் குடுத்தாரு. என்ன, பழக்கதோசத்துல நடுவுல 'மூணு பேஸ் கரண்ட்'னு சேத்து அடிச்சுட்டாரு. இருந்துட்டுப் போகட்டும்னு வுட்டுட்டேன். போன் நம்பரு பெருசா வந்ததால ஆறு மணிக்கு எடமில்லாமப் போச்சு. ஆறு மணி அஞ்சுக்கு அப்பறம் வரும்னு யாருக்குங்க தெரியாது?

முள்ளு மாட்டற அன்னிக்குத்தான் சோதனை. சின்ன முள்ளு உக்காந்துச்சு. பெரிய முள்ளு உக்காந்துச்சு. செகண்டு முள்ளைச் சாமணத்துல புடிச்சேன் பாருங்க, டிங்குன்னு தெறிச்சுது. அவ்வளவுதான். மேசைக்கடியில நானு, கட்டலுக்கடியில சாவித்திரி. லேத்துல இரும்புத்தூள் பொறுக்கறதுக்கு ஒரு காந்தம் வெச்சிருக்கறோம், உள்ளங்கை அகலத்துக்கு. அதை எடுத்தாந்து தரையில, மேசை மேல, வாட்ச் மேல, எல்லா எடத்துலயும் ஓட்டிப் பாத்தேன். ரெண்டு குண்டூசியும் சாவித்திரியோட கொண்டையூசி ஒண்ணும் வந்துச்சு. முள்ளு வல்லை.

போகட்டும்னுட்டேன். குடும்பஸ்தனுக்குச் செகண்டு எதுக்குங்க? ஓட்டப்பந்தயமா நடத்தப் போறாரு?

ஒரு விசயம் மட்டும் ஆச்சரியமா இருந்துச்சு. காந்தம் காட்டின பொறகு வாட்ச் வேகமா ஓட ஆரம்பிச்சிருச்சு. சாப்பிடப் போயிட்டு வர்றதுக்குள்ள அது பாட்டுக்குச் சாயங்காலத்துக்குப் போயிருச்சு. புது மெசினு பாருங்க, சுறுசுறுப்பு. ஆனா சத்தம்! எலி கொறிக்கறாப்பல டிக்குடிக்குடிக்குன்னு. எனக்குன்னா மனசே சரியில்லை. மோட்டாரு சத்தம் போட்டா என்ன அர்த்தம்? பேரிங் போச்சுன்னு அர்த்தம். எண்ணெய் பத்தலைன்னு அர்த்தம்.

அந்த வெள்ளக்காரன் என்ன பண்றான்னா, ஊசி மொனையில தொட்டு, இருக்குதா இல்லையாங்கறாப்பல எண்ணெய் வெக்கறான். கஞ்சப்பய. நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு அப்படிக் கணக்குப் பாத்தா நல்லா இருக்குமா? தையல் மெசினு எண்ணெய்ப் புட்டியத் தொறந்து, தாராளமா, சக்கரம் நனையறாப்பல வுட்டேன். வுட்ட கொஞ்ச நேரத்துல சத்தம் கொறைஞ்சுது. இன்னுங் கொஞ்சம் வுட்டேன். சத்தம் சுத்தமா நின்னு போச்சு! காதுல வெச்சுக் கேக்கறேன், ஒண்ணுமே கேக்கல. அப்படியொரு வழுவழுப்பு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு தம்பி. அவ்வளவு அமைதியான ஓட்டம் என்ற மோட்டாருலகூட வந்ததில்லை.

என்ன கேட்டீங்க? முள்ளு நகந்துச்சான்னு பாத்தனா? அட, மணி முள்ளு நகர்றதை யாராச்சும் கண்ணுல பாத்திருக்கறாங்களா? அது எல்லாம் நாம பாக்காதப்பத்தானுங்க நகரும்.

அப்பறம் மூடிய மூடறதுக்கு முன்னாடி பூசை. நம்ம கம்பெனியில எந்த மெசினு வந்தாலும் சந்தனம் குங்குமம் வெச்சுச் சூடம் காட்டாம ஓட்டறதில்லை. சாவித்திரிதான் மோதிர வெரலுல சந்தனத்தைத் தொட்டு மெசினு நட்டநடுவுல வெச்சா. அதுக்கு மேல குங்குமம். அம்சமா இருந்துச்சு. சந்தனம் காயறதுக்குள்ள மூடியப் போட்டுத் திருகிட்டேன், நல்ல நேரம் முடியப் போகுதுன்னு.

மூடினதும் தொட்டியில எறக்கினேன். எந்தத் தொட்டியா? நம்ம டெஸ்டிங் தொட்டிதான். என்னுங்க தம்பி, இப்படிப் பாக்கறீங்க? நம்ம கம்பெனியில இருந்து எந்தச் சாமானமும் தொட்டியில எறங்காம வெளிய போனதில்லை. பொண்ணு கல்யாணத்துக்குப் போற சாமானத்தை மட்டும் சும்மா அனுப்பினா அது ஓரவஞ்சனையாயிராதா? கயித்துல கட்டி அடி மட்டத்துக்கு வுட்டு, டீ குடிச்சுட்டு வந்து தூக்கினேன். கண்ணாடிக்கு உள்பக்கம் லேசாப் புகை மாதிரி தண்ணி. தொடைச்சேன், போகல. தட்டினேன், போகல. அப்பத்தான் எனக்கு நிம்மதியாச்சு. உள்ள போன தண்ணியே வெளிய வர முடியலீன்னா, சீலு எவ்வளவு கெட்டின்னு யோசிச்சுப் பாருங்க!

சாவித்திரிக்கு மட்டும் சந்தேகம். சாமி ரூம்புல வெச்சிருந்தோம். "ஏனுங்க, காலையில பாத்த அதே மணியத்தான் இப்பவும் காட்டுது"ங்கறா. நான் சொன்னேன், "அடி இவளே, அது ஆட்டோமேட்டிக்கு. ஆளு கையில கட்டினாத்தான் ஓடும். ஆளில்லாத கெணத்துக்கு மோட்டாரு எதுக்கு ஓடோணும்?"ன்னு. "அப்ப நீங்க கட்டிப் பாருங்க"ங்கறா. எப்படிக் கட்டறது? மாப்பிள்ளைக்குன்னு பூசை போட்டு வெச்சதை மாமனாரு கட்டிக் கழட்டிக் குடுத்தா அது எச்சில் பண்டமாயிராதுங்களா? நான் தொடவே இல்லை.

கல்யாணத்துக்கு மொத நாள் தர்சினி எங்கிட்ட வந்தா. "எங்கப்பா, காட்டுங்க"ன்னு கையில வாங்கினா. காதுல வெச்சா. ஆட்டினா, மறுபடி காதுல வெச்சா. என்ற மூஞ்சியப் பாத்தா. அப்படியே கண்ணு கலங்கிப் போச்சு அவளுக்கு. "எப்படி கண்ணு இருக்குது?"ன்னேன். "சத்தமே இல்லீங்கப்பா"ன்னா. "அதுதான் கண்ணு வேலை!"ன்னேன். என்னைக் கட்டிப் புடிச்சுட்டா. அப்பறம் மொட்டை மாடிக்குப் போயி மாப்பிள்ளைகிட்ட ரொம்ப நேரம் போன்ல பேசினா. அப்பன் பெருமைய எவ்வளவு நேரம் பேசறா பாருன்னு சாவித்திரிகிட்டச் சொன்னேன். சாவித்திரி எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. அவளுக்கு என்னைக்குமே என்ற திறமையில ஒரு பொறாமை.

விடிஞ்சா கல்யாணம். மண்டபம் நெறைய சனம். நான் வாட்சை மாப்பிள்ளை கையில கட்டி வுட்டேன். எங்க கல்யாணத்துல சடங்கு பண்ற அருமைக்காரரு பக்கத்துல நிக்கறாரு. நடராசு மொத வரிசையில, மடியில பையோட. முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் இருக்கறப்ப எந்திரிச்சு வர்றான். அந்தச் சுவிஸ் வாட்ச் பொட்டியக் கையிலயே எடுத்துட்டான் தம்பி! "மாப்பிள்ளை, எங்க மச்சான் வாட்சுல இப்ப மணி என்ன காட்டுது?"ன்னு சத்தமாக் கேக்கறான். மைக்கு வேற பக்கத்துல இருக்குது.

எனக்கு நெஞ்சு அடிக்குது பாருங்க, நாதசுரமே காதுல உழுகலை. பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோட நெருக்கி உக்காந்திருக்கறாங்க. தர்சினி கையி மாலைக்கு அடியில மாப்பிள்ளையோட மணிக்கட்டப் புடிச்சுட்டே இருக்குது. காலையில இருந்தே அந்தக் கைய வுடலை அவ. வெரலுல என்னமோ திருகிட்டே இருக்கறா. அடேங்கப்பா, தாலி ஏறறதுக்கு முன்னாடியே இவ்வளவு பாசமான்னு நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன், அப்பன் பாக்கப்படாதில்லீங்களா.

மாப்பிள்ளை கைய வெளிய எடுத்தாரு. வாட்சைப் பாத்தாரு. "ஏழு இருவத்தி ரெண்டுங்க"ன்னாரு. நடராசு அவன் கை வாட்சைப் பாத்தான். செல்போனை எடுத்துப் பாத்தான். ஏழு இருவத்தி ரெண்டு! அருமைக்காரரு "அப்ப நேரமாச்சுங்க, உக்காருங்க"ன்னாரு. நடராசு பொட்டியப் பைக்குள்ள வெச்சான். வெச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. தாலி கட்டினப்ப எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளைக்கு அரிசி போட்டாங்க. நான் போட்டதுல பாதி அந்த வாட்சுக்குங்க.

மாப்பிள்ளைய மாதிரி ஒரு மனுசனை நீங்க பாக்க முடியாது. நான் எப்பப் பெங்களூரு போனாலும் கையில என்ற வாட்ச்தான். மணி நிமிசம் பெசகாது. நானே செல்போனோட வெச்சுப் பாத்திருக்கறேன். கதவைத் தொறக்கறப்பவே வாட்ச் ஓரத்துல மணி திருப்பற அந்தத் திருகைத் தடவிக் குடுத்துட்டே வருவாரு. சாமி படத்தைத் தொட்டுக் கும்பிடறாப்பல. ஒரே ஒரு கொறை. நான் அங்க தங்கினா, அடிக்கடி பாத்ரூமுக்குப் போயிட்டுப் போயிட்டு வருவாரு. போனா ஒடனே வந்துருவாரு, மறுபடி போவாரு. கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்து வயிறு கெட்டுப் போச்சாட்ட இருக்குது. போன தடவ ஓமத்தண்ணி வாங்கிட்டுப் போயிக் குடுத்தேன். மனுசன் தட்டாம வாங்கிக் குடிச்சாரு. மூஞ்சியச் சுளிச்சாரு, ஆனாக் குடிச்சாரு.

தர்சினி அதுக்கு மேல. "அப்பா, வர்றதா இருந்தா ஓசூருலயே போன் பண்ணிருங்க. கீழ கேட்டுக்கு வந்ததும் இன்னொருக்காப் பண்ணுங்க"ம்பா. அப்பன் எங்க வந்துட்டிருக்கறான், என்னன்னு அவ்வளவு அக்கறை. இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு அப்படிக் கேக்குது?

அதனாலதான் இன்னிக்குச் சொல்லாமக் கொள்ளாமப் போறேன். நேராக் கதவைத் தட்டினா ரெண்டு பேருக்கும் சந்தோசமா இருக்குமில்லீங்க?

என்னுங்க தம்பி, மூஞ்சி ஒருமாதிரி ஆவுது? பஸ்ஸு ஒத்துக்கலீங்களா? என்னது? போன் பண்ணிருங்கங்கறீங்களா? எதுக்குங்க? இல்ல, பண்றதுல ஒண்ணுமில்லை, ஆனா திடீர்னு போயி நின்னாத்தான்... அட, நீங்க ஏன் இவ்வளவு பதர்றீங்க? உங்க மாமனாரு இப்படி வந்து நின்னாரா? சரி சரி, சட்டையப் புடிக்காதீங்க, பண்றேன். ஓசூரு வந்துருச்சுதான். இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன்.

ஹலோ. கண்ணு, அப்பா பேசறேன். நல்லா இருக்கறேன் கண்ணு. ஓசூருல இருக்கறேன். இல்லீல்ல, சும்மாதான், பாக்கோணும்னு தோணுச்சு. மாப்பிள்ளை ஊட்டுல இருக்கறாருங்களா? அப்படியா, சரி கண்ணு, சரி. மெதுவா வர்றேன். ஆகட்டும், கேட்டுக்கிட்ட வந்து பண்றேன்.

உங்களுக்குக் கேட்டுச்சுங்களா தம்பி? போனை வெக்கறதுக்குள்ளயே உள்ள பாத்துக் கத்தறா, "ஏனுங்க, அப்பா வர்றாரு! அந்த வாட்ச் எங்கீங்க? சீக்கிரம் எடுங்க, இப்ப மணி என்ன?"ன்னு.

பாத்தீங்களா? அந்த ஊட்டுல மணி பாக்கோணும்னாக்கூட என்ற வாட்சைத்தானுங்க தேடறாங்க.